ஐம்பது எழுத்துக்குள் ஒரு தலைவர்

அமெரிக்காவில் பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகள் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் பெரும்பாலும் நாடுவது 'காமன் ஆப்' என்ற பொதுப் படிவத்தை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இந்த ஒரே படிவத்தை ஏற்றுக்கொள்கின்றன. பாடப் புத்தகத்துக்கு வெளியே நீ என்ன செய்தாய் என்று கேட்கும் பகுதியில் பத்து வரிசைகள் இருக்கின்றன. வகித்த பதவியை எழுத 50 எழுத்து, அமைப்பின் பெயருக்கு 100, செய்த வேலையை விளக்க 150. சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளியும் ஓர் எழுத்தாகக் கணக்கில் ஏறும். பதினேழு வயதுவரை வாழ்ந்த வாழ்க்கையை அதற்குள் மடித்து வைக்க வேண்டும்.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் தம்பி மகள் அந்தப் பகுதியை நிரப்பிக்கொண்டிருந்த நாளில் தொலைபேசியில் கேட்டாள்: "பெரியப்பா, நான் எதுக்குமே பிரசிடென்ட் இல்லையே, என்ன எழுதறது?" அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது இது: பக்கவாதம் வந்த பாட்டியோடு இரண்டாண்டுகளாக மாலை நேரம் முழுவதும் இருப்பவள் அவள்தான். அம்மாவும் அப்பாவும் வேலையிலிருந்து வர இரவு எட்டு மணி ஆகும். மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைப்பது, மருந்துக் கடைக்கும் காப்பீட்டு அலுவலகத்துக்கும் போன் போட்டு மணிக்கணக்கில் காத்திருந்து பேசுவது, தம்பிக்குச் சாப்பாடு போட்டு வீட்டுப்பாடம் செய்யவைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அதை எழுதேன் என்றேன். "அது வீட்டு வேலைதானே பெரியப்பா" என்றாள்.

அந்தப் படிவத்தில் 'குடும்பப் பொறுப்புகள்' என்று தனியாகவே ஒரு வகை இருக்கிறது. சம்பளத்துக்குப் பார்த்த வேலையும் ஒரு வகையாக இருக்கிறது. அவள் கண்ணில் அது படவில்லை. பட்டிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள். தலைவர் என்றால் யார் என்று அவளுக்குப் பள்ளி சொல்லிக்கொடுத்திருந்தது. விருதுப் பட்டியல்கள் சொல்லிக்கொடுத்திருந்தன. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

அமெரிக்கப் பள்ளிகளில் செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை தலைமைப் பண்புக்கான உதவித்தொகைப் போட்டிகளின் பருவம். கோகோ கோலா நிறுவனம் தன் நூற்றாண்டை ஒட்டி 1986-இல் தொடங்கிய திட்டத்தில் ஆண்டுதோறும் 150 பேருக்கு ஆளுக்கு 20,000 டாலர் கிடைக்கிறது. விண்ணப்பிப்போர் சுமார் ஒரு லட்சம் பேர். 'எல்க்ஸ்' என்னும் பழைய சமூக சங்கம் 500 பேருக்கு நான்காண்டு உதவித்தொகை தருகிறது. மதிப்பெண், தலைமைப் பண்பு, பணத்தேவை என்று மூன்று அளவுகோல்கள் அதற்கு. 1962 முதல் நடக்கும் 'செனட் இளைஞர் திட்டம்' மாநிலத்துக்கு இருவரைத் தேர்ந்தெடுத்து ஒரு வாரம் வாஷிங்டனுக்கு அழைத்துப் போகிறது. கூடவே 10,000 டாலர் உதவித்தொகை. பணம் ஹர்ஸ்ட் அறக்கட்டளைகளுடையது. பிறரால் தேர்ந்தெடுக்கப்பட்டோ நியமிக்கப்பட்டோ பிறர் சார்பில் ஒரு பொறுப்பை வகிப்பவராக இருந்தால்தான் இதில் போட்டியிட முடியும்.

இந்தப் போட்டிகளால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். மெய்ன் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து 1971-இல் அந்தச் செனட் திட்டத்தில் வாஷிங்டன் போன சூசன் காலின்ஸ் என்ற மாணவி, தன் மாநிலத்தின் செனட்டர் மார்கரெட் சேஸ் ஸ்மித்தைச் சந்தித்தார். பத்து நிமிடம் பேசிப் படம் எடுத்து அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்துப் போன பெண்ணிடம் அந்த மூதாட்டி ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பேசினார். கால் நூற்றாண்டு கழித்து, 1996-இல், அதே இருக்கைக்குக் காலின்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். அத்திட்டத்தில் வந்தவர்களில் செனட்டுக்குள் நுழைந்த முதல் ஆள் அவர். ஒரு பெரிய மனுஷி ஒரு சிறு பெண்ணுக்கு ஒதுக்கிய இரண்டு மணி நேரம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பணத்தைவிட அந்த இரண்டு மணி நேரமே அவருக்குக் கிடைத்த உதவித்தொகை என்பேன்.

என் கேள்வி வேறு. அந்த அறைக்குள் போக யாருக்கு அழைப்பு வருகிறது?

படிப்புக்கான பரிசில் 'தலைமை' என்ற சொல் நுழைந்த வரலாறு அவ்வளவு தூய்மையானதில்லை. தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கங்களில் பணம் குவித்த செசில் ரோட்ஸ் 1902-இல் இறந்தபோது விட்டுச்சென்ற உயில், ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பப்படும் இளைஞர்கள் வெறும் புத்தகப் புழுக்களாக இருக்கக் கூடாது, பிறரை நடத்திச் செல்லும் இயல்பு வேண்டும் என்றது. அந்த இயல்பு பெண்களுக்கும் இருக்கக்கூடும் என்பதை அந்த உதவித்தொகை ஏற்க 1970-களின் பிற்பகுதி ஆயிற்று.

அமெரிக்கக் கதை இன்னும் கசப்பானது. 1920-களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் யூத மாணவர்களின் பங்கு ஐந்தில் ஒன்றைத் தாண்டியது. குடியேறிய ஏழைத் தையற்காரர்களின் பிள்ளைகள் தேர்வு எழுதி, மதிப்பெண் வாங்கி, உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். பல்கலைக்கழகத் தலைவர் லோவல் 1922-இல் வெளிப்படையாகவே உச்சவரம்பு வைக்கப் பார்த்தார், எதிர்ப்புக் கிளம்பியது. அதன் பிறகு வந்தது சத்தமில்லாத வழி. மதிப்பெண்ணோடு குணநலன், ஆளுமை, தலைமைத் தகுதி ஆகியவையும் பார்க்கப்படும் என்று விதி மாறியது. புகைப்படம் கேட்டார்கள், நேர்முகம் வைத்தார்கள், பரிந்துரைக் கடிதம் கேட்டார்கள். யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களும் ஏறக்குறைய அதே பாதையில் போயின. ஜெரோம் கராபெல் என்ற சமூகவியலாளர் 2005-இல் வெளியிட்ட 'தி சோசன்' என்ற பெரிய நூலில் இதை ஆவணம் ஆவணமாக எடுத்துவைத்திருக்கிறார். தேர்வில் தோற்கடிக்க முடியாதவர்களை வாசலில் நிறுத்தத் 'தலைமைப் பண்பு' அன்று கைகொடுத்தது.

இன்றைய போட்டி நடத்துபவர்களுக்கு அந்த உள்நோக்கம் இல்லை. நல்ல மனத்தோடு பணம் கொடுப்பவர்கள்தான் அவர்கள். ஆனாலும் தராசில் நிறுக்க முடியாத ஒன்றைப் பரிசுக்கு அளவாக வைத்தால், நிறுப்பவரின் கண்ணுக்குப் பழகியதே எடையாகிவிடுகிறது. பழகியது எது? மாணவர் மன்றத் தலைவர், விவாதக் குழுவின் தலைவர், பதினாறு வயதில் தொண்டு நிறுவனம் தொடங்கியவர். இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓய்வான மாலை நேரம் இருக்கிறது. பள்ளியிலிருந்து கூட்டிவர கார் ஓட்டும் ஒரு பெற்றோர் இருக்கிறார். சில ஆயிரம் டாலர் கட்டணத்தில் கோடைக்காலத் தலைமைப் பயிற்சி முகாம்கள் நடக்கின்றன. வீட்டுக்கு வரும் அழைப்பிதழில் 'உங்கள் பிள்ளை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார்' என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருக்கும். பணம் கட்டினால் சான்றிதழும் வரும். பள்ளி விட்டதும் பர்கர் கடையில் கல்லாவில் நிற்கும் பையன், புதிதாக வந்தவனுக்கு வேலை கற்றுக்கொடுக்கிறான், கத்தும் வாடிக்கையாளரைச் சமாளிக்கிறான், இரவு கணக்கு முடித்துக் கடையைப் பூட்டிவிட்டு வருகிறான். அவனை நம்பித்தான் முதலாளி வீட்டுக்குப் போகிறார். அவன் படிவத்தில் அது 'பகுதிநேர வேலை' என்ற இரண்டு சொல்லாக ஒடுங்கிப்போகிறது.

இதைக் கண்டு சொன்னவர்கள் அமெரிக்காவிலேயே உண்டு. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு உழைத்த வில்லியம் செட்லசெக் என்ற உளவியலாளர், மதிப்பெண்ணுக்கு வெளியே மாணவர்களை எடைபோட எட்டு அளவுகளை வகுத்தார். தலைமை அனுபவம் அவற்றில் ஒன்று. அதை எங்கே தேட வேண்டும் என்பதில்தான் அவர் வேறுபட்டார்: தேவாலயம், விளையாட்டுத் திடல், வீடு, ஏன், தெருக் கும்பல்கூட அவர் கணக்கில் தலைமை வெளிப்படும் இடங்களே. 1999-இல் நூறு கோடி டாலரோடு தொடங்கிய கேட்ஸ் மில்லேனியம் உதவித்தொகை இந்த அளவுகளைக் கொண்டே சிறுபான்மைச் சமூகங்களைச் சேர்ந்த 20,000 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் படிக்கவைத்தது. ஹார்வர்டின் கல்வியியல் துறையிலிருந்து 2016-இல் வந்த 'டர்னிங் தி டைட்' என்ற அறிக்கையும், தம்பி தங்கைகளை வளர்ப்பதும் குடும்பத்துக்காகச் சம்பாதிப்பதும் கல்லூரிச் சேர்க்கையில் மதிப்புப் பெற வேண்டும் என்றது. பொதுப் படிவத்தில் வகை இருக்கிறது, அறிக்கை இருக்கிறது, முன்னுதாரணம் இருக்கிறது. பிள்ளைகளின் மனத்தில்தான் இன்னும் ஏறவில்லை. பரிசு வாங்குவோரின் படங்களைப் பார்த்துத்தானே பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த ஒரு திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1980-களில் நியூயார்க் நகரப் பிள்ளைகள் தம் கூட்டாளிகள் கூட்டத்தைப் 'பாஸி' என்று சொல்வார்கள். இளைஞர் அமைப்பு ஒன்றில் வேலை பார்த்த டெபரா பியால் என்ற இளம்பெண், நன்றாகப் படிக்கும் நகரத்துப் பிள்ளைகள் பெரிய கல்லூரிகளுக்குப் போய் ஆறே மாதத்தில் திரும்பிவிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்த ஒரு மாணவர், என் பாஸி என்கூட இருந்திருந்தால் நான் படிப்பை விட்டிருக்கவே மாட்டேன் என்ற பொருளில் சொன்னார். இந்த வார்த்தையைக் கேட்டவர்கள் பலர் இருந்திருப்பார்கள். பியால் அதை அப்படியே எடுத்துக்கொண்டு 1989-இல் ஐந்து பேரை ஒன்றாகச் சேர்த்து, டென்னசியின் நாஷ்வில்லில் உள்ள வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். தெற்கே, வசதிபடைத்த வெள்ளையர் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைந்த வளாகம் அது. போன ஐவரில் ஒருவர் ஷர்லி கொயாடோ. டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த பெற்றோர்; அப்பா டாக்ஸி ஓட்டினார், அம்மா ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 2017-இல் கொயாடோ நியூயார்க் மாநிலத்தின் இதாகா கல்லூரிக்குத் தலைவரானார்.

'பாஸி' என்றே பெயர் பெற்ற அந்தத் திட்டம் இன்று பல நகரங்களில் நடக்கிறது. பத்துப் பேர் கொண்ட குழு ஒரே கல்லூரிக்குப் போகிறது. நான்காண்டுப் படிப்புக் கட்டணம் முழுவதையும் அந்தக் கல்லூரி விட்டுக்கொடுக்கிறது. ஒபாமா தம் நோபல் பரிசுப் பணத்தைப் பகிர்ந்தளித்தபோது 1,25,000 டாலர் இதற்கும் வந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது தேர்வு முறையைப் பற்றி. பள்ளிகள் பெயரைப் பரிந்துரைத்ததும், ஏறக்குறைய நூறு பிள்ளைகளை ஒரே கூடத்தில் சேர்த்துவிடுகிறார்கள். குழுக்களாகப் பிரித்து ஏதோ ஒரு வேலை கொடுக்கிறார்கள். பார்வையாளர்கள் சுற்றி நின்று குறித்துக்கொள்கிறார்கள். அடுத்து தனி நேர்முகம். கடைசியில் இருபது சொச்சம் பேர் கல்லூரியிலிருந்து வந்தவர்களோடு உட்கார, அதிலிருந்து பத்துப் பேர்.

இந்த முறை வேலை செய்கிறதா என்று சோதிக்க, மெல்லன் அறக்கட்டளையின் பண உதவியோடு பியால் 1990-களின் இறுதியில் ஓர் ஆய்வு நடத்தினார். அதில் ஒரு பயிற்சி புகழ்பெற்றது. பக்கத்து அறையில் லெகோ கட்டைகளால் செய்த ஒரு சிறு ரோபோ. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு அதைப் போலவே ஒன்றை இந்த அறையில் செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். குறிப்பெடுக்கக் கூடாது. கண்ணில் வாங்கியதை மனத்தில் சுமந்து வந்து மற்றவர்களிடம் சொல்ல வேண்டும்.

இந்தச் சோதனையைப் பற்றிப் படித்த நாளிலிருந்து அந்த அறை என் மனத்தை விட்டுப் போகவில்லை. அங்கே பதவி கிடையாது. உரத்த குரலில் 'நான் சொல்றதைக் கேளுங்க' என்று ஆரம்பிக்கும் பையன் சிவப்புக் கட்டை எந்தப் பக்கம் இருந்தது என்பதை மறந்திருப்பான். மூலையில் இருக்கும் பெண்ணுக்கு அது ஞாபகம் இருக்கும். ஆனால் வாய் திறக்கத் தயங்குவாள். அவளிடம் திரும்பி 'நீ பாத்தியே, எப்படி இருந்தது?' என்று கேட்கும் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருக்கிறாரா? தன் முறை வந்தும், கை ஓடும் இன்னொருவனை 'நீ போய்ப் பாத்துட்டு வா' என்று அனுப்பும் ஒருவர்? நான் நடுவராக இருந்தால் அவர்களைத்தான் குறித்துக்கொண்டிருப்பேன். 50 எழுத்துக் கட்டத்தில் தங்களை எழுதத் தெரியாதவர்கள் அவர்கள். தலைமை என்று நாம் சொல்வது ஓர் ஆளுக்குள் பூட்டிவைத்த சொத்தாக இருந்தால் படிவத்தில் அகப்படும். நாலு பேருக்கு நடுவில் மட்டுமே அது தென்படும் என்றால், நாலு பேரை ஒன்றாக உட்காரவைத்துத்தான் பார்க்க வேண்டும்.

தேர்ந்தெடுத்த பின் நடப்பதை இன்னும் பெரிதாக நினைக்கிறேன். ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை எட்டு மாதம், வாரம் ஒருமுறை, அந்தப் பத்துப் பேரும் கூடுகிறார்கள். கல்லூரி வாழ்க்கையைப் பற்றியும் ஒருவரையொருவர் பற்றியும் பேசிப் பழகுகிறார்கள். கல்லூரிக்குப் போன பிறகும் முதல் இரண்டாண்டுகள் ஓர் ஆசிரியரோ அலுவலரோ வழிகாட்டியாக இருந்து தொடர்ந்து சந்திக்கிறார். இவர்களில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் பட்டம் பெறுவதாக அமைப்பு சொல்கிறது. நாடு முழுவதும் நான்காண்டுக் கல்லூரிகளில் சேர்வோரில் ஆறாண்டுக்குள் பட்டம் பெறுவோர் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டித்தான். இரண்டையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது. இவர்கள் சலித்தெடுத்த பிள்ளைகள், கட்டணக் கவலையும் குறைந்தவர்கள். ஆனாலும் தனியே போய்த் திரும்பி வந்த அந்த முதல் மாணவர் சொன்னதில் உண்மை இருந்தது என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். மற்றப் போட்டிகள் ஒரு பிள்ளையைக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுத்து, மேடையில் நிறுத்தி, காசோலையோடு தனியே அனுப்பிவைக்கின்றன. கூட்டத்தை நடத்தும் திறமைக்குப் பரிசு கொடுத்துவிட்டு, கூட்டத்திலிருந்தே பிரித்துவிடுவது எனக்குப் புரியவில்லை.

பாஸியிலும் குறை இருக்கிறது. நூறு பேர் கூடத்தில் வாயாடிகள் முந்துவார்கள். எவ்வளவு பயிற்சி பெற்ற பார்வையாளரும் அமைதியான பிள்ளையைத் தவறவிடுவார். பத்து இடத்துக்கு வாய்ப்பிழந்த நூற்றுக்கணக்கானவர்கள் அந்தக் குளிர்காலத்தில் வீடு திரும்புகிறார்கள். எல்லாவற்றுக்கும் முன், பள்ளி உன் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் பள்ளி ஆலோசகர். ஓர் ஆலோசகருக்கு 250 மாணவருக்கு மேல் கூடாது என்று அவர்களுடைய தேசியச் சங்கம் பரிந்துரைக்கிறது; 2022–23-இல் நாட்டின் சராசரி 385. நெரிசலான பள்ளிகளில் இதைவிட மோசம். எந்தப் பிள்ளை வீட்டில் என்ன சுமக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? தன் அறைக்கதவைத் தட்டி வந்து பேசும் பிள்ளையின் பெயர்தான் அவருக்கு நினைவில் நிற்கும். தட்டுவதற்கே ஒரு தைரியமும் பழக்கமும் வேண்டியிருக்கிறது.

இன்னொரு அநியாயமும் உண்டு. நம்மில் பலருக்கு இது தெரிந்திருக்காது. வெளியிலிருந்து 5,000 டாலர் உதவித்தொகை வென்ற பிள்ளைக்கு, அந்தச் செய்தி எட்டியதும் கல்லூரி தான் தருவதாகச் சொன்ன உதவியிலிருந்து அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வது உண்டு. பிள்ளை கட்டுரை எழுதி, நேர்முகம் கொடுத்து, மேடை ஏறி வென்ற பணம் கடைசியில் கல்லூரியின் கணக்கில் மிச்சமாகிறது. அந்த வீட்டின் கடன் ஒரு டாலர்கூடக் குறைவதில்லை. அரசுக் கல்லூரிகள் இப்படிச் செய்வதை 2017-இல் முதலில் கட்டுப்படுத்தியது மேரிலாண்ட் மாநிலம். 2022-இல் கலிஃபோர்னியா, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காவது இந்த வெட்டு கூடாது என்று சட்டம் இயற்றியது. இன்னும் சில மாநிலங்கள் பின்தொடர்ந்திருக்கின்றன. எல்லா மாநிலங்களும் இதைச் செய்ய வேண்டும். பரிசு கொடுக்கும் நிறுவனங்களே, தங்கள் பணத்துக்காக உதவியைக் குறைக்காத கல்லூரிகளின் பெயர்களைக் கேட்டு வாங்கி வெளியிடலாமே? கொடுத்த பணம் யாரைச் சேர்ந்தது என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

போட்டி நடத்துவோரிடம் கேட்க இன்னும் இரண்டு இருக்கின்றன. படிவத்தின் முதல் கேள்வியாக வீட்டையும் கூலி வேலையையும் வையுங்கள். பத்தாவது வரிசையில் ஒரு வகையாக ஒளித்துவைக்க வேண்டாம். முதலில் வைத்தால்தான் இதுவும் கணக்கில் உண்டு என்று பிள்ளை நம்பும். அடுத்து, பரிந்துரைக் கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளையோடு கல்லாவில் நின்றவரிடம் கேளுங்கள், அது ஏபிசிடி கற்றுக்கொடுத்த பக்கத்து வீட்டுக் குழந்தையின் தாயிடம் கேளுங்கள், அது பார்த்துக்கொண்ட முதியவரிடம் கேளுங்கள். மேலேயிருந்து பார்ப்பவருக்குத் தலைவர் எப்போதும் பணிவாகத்தான் தெரிவார். கூட இருப்பவர்களுக்கே ஆள் எப்படி என்று தெரியும்.

என் தம்பி மகள் மூன்று போட்டிகளுக்கு விண்ணப்பித்தாள். ஒன்றிலும் இறுதிச் சுற்றுக்கு வரவில்லை. தன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, வீட்டிலிருந்தே போய்வந்து படிக்கிறாள். பாட்டியும் கொஞ்சம் தேறியிருக்கிறார். விண்ணப்பங்களை அனுப்பும் முன் எனக்கு அவள் அனுப்பிய படத்தில் அந்தப் பத்து வரிசைகளும் இருந்தன. சுற்றுச்சூழல் மன்ற உறுப்பினர் என்பது முதலில் இருந்தது, கோயில் பள்ளித் தமிழ் வகுப்பு உதவியாளர் இரண்டாவதாக. எட்டாவது வரிசையில், நான் சொல்லிச் சொல்லிச் சலித்த பிறகு, பாட்டியைச் சேர்த்திருந்தாள். பதவிக்கான இடத்தில் 'பராமரிப்பவர்' என்றிருந்தது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற இடத்தில் 22. முதல் வரிசையில் அந்த எண் 2. எட்டாவது வரிசையில் அமைப்பின் பெயர் கேட்கும் நூறு எழுத்துக் கட்டத்தை மட்டும் அவள் காலியாக விட்டிருந்தாள்.